கடைசிப் பக்கத்துப் பதினொரு பங்குகள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீயும் உன் மாமனாரும் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனதிலிருந்து எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இரண்டு தடவை குளித்தும் போகவில்லை. நீ வைத்துவிட்டுப் போன அடமானப் பத்திரம் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. அப்பா கையெழுத்துப் போடும் இடத்திலும் நான் போடும் இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். பரீட்சைத் தாளில் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டுவது போலவே இருக்கிறது. கோழி ஷெட் மூன்றும் நிற்கிற மூன்றரை ஏக்கரை வைத்து நாற்பது லட்சம். உன் மாமனார் தருவதாகச் சொன்ன பதினைந்து லட்சம். வேலையை விட்டுவிட்டு, ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற உன் வீட்டு மாடி அறையில் மூன்று திரை வைத்து, முழு நேரமும் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங். புதன்கிழமை வந்து பத்திரத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னாய். நீ வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் பாதியில் உன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவேன். அந்த மாதிரி நிறுத்தித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் காதில் நிற்கிறது. பீரோவில் இருந்த என் டிரேடிங் நோட்டை என்னைக் கேட்காமலேயே எடுத்து வந்து உன் மாமனார் கையில் கொடுத்தாய். "மாமா, இதப் பாருங்க. எங்கம்மா ரிட்டயர்டு ஆனதுலேர்ந்து எழுதறாங்க. நாப்பத்தேழு தடவ வாங்கி வித்திருக்காங்க, நாப்பத்தொண்ணுல லாபம். அம்மாகிட்டதான் நான் கத்துக்கிட்டேன். இதுக்கு மேல என்ன ஓணும் உங்களுக்கு?" என்றாய். அவர் திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி ஓட்டி முன்னுக்கு வந்த மனிதர். காகிதத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு பயமும் மரியாதையும் உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க சம்பந்தி. எங்க ரிக்கு மேனேஜரு எழுதற கணக்கப் பாத்தா கோழி கிளறுனாப்பல இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்து, "டீச்சரு எழுதுனா அதுல தப்பு இருக்காதுங்க" என்றார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நானோ, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

அந்த நோட்டை அவர் முன்னாலிருந்து பின்னால் புரட்டினார், பாதியில் வெள்ளைத் தாள் வந்ததும் மூடிவிட்டார். கணக்கு நோட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் ரஃப் வொர்க்கைக் கடைசிப் பக்கத்திலிருந்து, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு எழுதுவார்கள். அதே போல நானும் பின்னாலிருந்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். மேலே 'நீண்டகாலம்' என்று தலைப்பு. அதன் கீழே பதினொரு கம்பெனிப் பங்குகள். முன்பக்கத்து நாற்பத்தேழு உண்மை. ஆனால் நான் வாங்கியது மொத்தம் ஐம்பத்தெட்டு. அந்தப் பதினொன்றையும் சேர்த்தால் நான் லாபம் பார்த்தவள் இல்லை, நஷ்டப்பட்டவள். நாற்பத்தொன்றில் சிறுகச் சிறுகச் சேர்த்ததை அந்தப் பதினொன்று தின்றுவிட்டு, என் பணிக்கொடையிலும் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற மாதமே ஒரு பழைய மாணவன் வந்து என் ஃபோனில் கணக்குத் திறந்து கொடுத்தான். நான் அதை வீட்டுப்பாடம் மாதிரிதான் எடுத்துக்கொண்டேன். நீளநோட்டு வாங்கி, கோடு போட்டு, தேதி, விலை, எண்ணிக்கை என்று கட்டம் பிரித்தேன். முதல் பக்கத்தில் மூன்று விதி எழுதினேன். ஒரே கம்பெனியில் மொத்தப் பணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. ஏன் வாங்குகிறேன் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். எந்த விலைக்கு இறங்கினால் கேள்வி கேட்காமல் விற்றுவிடுவேன் என்பதையும் அப்போதே எழுத வேண்டும். மூன்றும் நல்ல விதிகள், இன்றைக்கும் அவற்றில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். ஆனால் மூன்றாவது கட்டத்தை மட்டும் பென்சிலால் நிரப்பினேன். மற்றதெல்லாம் பேனா. ஏன் அப்படி என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், 'சும்மாதான்' என்றிருப்பேன்.

நூல் கம்பெனி ஒன்றை வாங்கினேன். காரணம் என்ற கட்டத்தில், 'குமாரபாளையத்தில் தறிகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன' என்று எழுதியிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவருடைய அண்ணன் சொன்னது. நூற்று அறுபத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினேன், நூற்று நாற்பதுக்கு வந்தால் விற்பது என்று பென்சிலால் குறித்தேன். இரண்டு மாதத்தில் நூற்று முப்பத்தொன்பது வந்தது. அழித்துவிட்டு நூற்று இருபத்தைந்து என்று எழுதினேன். அதுவும் வந்தது. நூற்றுப் பத்து என்று எழுதினேன். இடையில் 'விலை குறைவாகக் கிடைக்கிறதே' என்று இன்னும் கொஞ்சம் வாங்கி, இன்னும் கொஞ்சம் வாங்கி, என் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே கம்பெனியில் போய் உட்கார்ந்தது. நான்காவது தடவை அழித்தபோது தாள் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து லாபக் கணக்கு ஒன்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் 'நீண்டகாலம்' என்று தலைப்பு எழுதினேன். விற்காத வரைக்கும் நஷ்டம் இல்லை என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். முன்பக்கம் சுத்தமாகிவிட்டது. அதன் பிறகு எது இறங்கினாலும் பின்னால் போனது. அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, கை தானாக நோட்டைத் திருப்பும்.

அந்தக் கைக்கு அது புதுப் பழக்கம் இல்லை, கண்ணு. அதை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது. நீ படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போயிருந்த சமயம். நம் பக்கத்துப் பள்ளிகளில் எல்லோரும் பாஸ் என்று வாசலில் பேனர் கட்டுவதற்கு என்ன செய்வோம் என்று உனக்கும் தெரியும், இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எந்தப் பாடத்தில் யார் தேறமாட்டார்கள் என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். கணக்குக்கு நான்தான் கொடுப்பேன். அந்த வருடம் பட்டியலில் பள்ளிபாளையத்துப் பெண் ஒருத்தி. அப்பா தறி ஓட்டுபவர். வரச் சொன்னதும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார், தலைமுடியெல்லாம் பஞ்சு.

"டீச்சர், புள்ள இன்னும் ரெண்டு மாசத்துல படிச்சுக்கும்ங்க. நீங்க சொல்லிக் குடுத்தா படிச்சுக்கும்" என்றார்.

"ஃபெயிலாப் போனா அவளுக்குத்தானுங்க கஷ்டம். டி.சி. வாங்கிக்கோங்க. அடுத்த வருசம் தனியா எழுதிக்கட்டும்."

"ஃபீஸு முழுசும் கட்டிட்டனுங்களே."

"அத ஆபீஸ்ல பேசிக்கோங்க."

அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டு என் மேசையில் இருந்த அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன். வீட்டுப்பாடம் ஒன்றுகூட விடாமல் செய்திருந்தாள், தப்புத் தப்பாக. தப்பைத் திருத்துவதுதான் என் வேலை. நான் தப்பு செய்தவளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த வருடம் கணக்கில் எல்லோரும் பாஸ். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ எட்டு இட்லி சாப்பிட்டாயே, அந்த மாவு அதில் ஆட்டியதுதான்.

அப்பாவைப் பற்றி உன்னிடம் நான் சிரித்துப் பேசியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பத்தாம் வகுப்பு தாண்டாதவர். விடிந்ததும் ஷெட்டுக்குப் போய் முதலில் செத்த கோழிகளைப் பொறுக்குவார். ஷெட் வாசலில் தொங்கும் அட்டையில் அந்த எண்ணிக்கையை எழுதிவிட்டுத்தான் தீவனம், தண்ணீர், முட்டை எல்லாம். கல்யாணமான புதிதில் எனக்கு அந்த வாடையே ஆகாது. கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒரு நாள், "ஏனுங்க, நாலாயிரம் முட்டை வருது, அதை விட்டுப்போட்டு காலங்காத்தால செத்ததையா முதல்ல எழுதறது?" என்று கேட்டேன். "அத முதல்ல எழுதலீனா உட்டுப் போயிரும் புள்ள. முட்டைய ஆரும் மறக்கமாட்டாங்க" என்றார். நான் அதை ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மூன்று ஷெட்டில் ஒன்றை எப்போதும் காலியாகப் போட்டு வைத்திருப்பார். ஒரு கூட்டம் கோழி போனதும் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஆறப் போடுவார். 'சும்மா கிடக்கிறதே, குஞ்சு விட்டால் என்ன' என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு ஷெட்டில் நோய் வந்தால் மற்றதைத் தூக்கி நிறுத்த ஒரு சுத்தமான இடம் வேண்டும் என்பார். நீ நாற்பது லட்சத்தையும் முதல் மாதமே இறக்கப் போவதாகச் சொன்னபோது அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான்: "எல்லா ஷெட்லயும் ஒண்ணா உடுவியா சாமி?" நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு என்னுடையது.

உனக்குப் பத்து வயதில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்பா மஞ்சள் காமாலை வந்து ஈரோட்டு ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தார். ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், முதலாளி இல்லாத நேரத்தில் கோழி செத்தால் தன் மேல் பழி வரும் என்று பயந்து, நாற்பது செத்தால் நான்கு என்று அட்டையில் எழுதினார். மிச்சத்தைத் தீவன மூட்டைக்குப் பின்னால் சாக்கில் கட்டி வைத்தார். வெயில் காலம். நீயும் நானும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று ஷெட் கதவைத் திறந்ததும் நீ வாசலிலேயே வாந்தி எடுத்தாய். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை உனக்கு. அந்த ஷெட் முழுவதும் போயிற்று. அட்டையைப் பார்த்துத்தான் நான் தினமும் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம், "நாலுதானுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஃபோனில் முட்டை விலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எத்தன?" என்று கேட்டார்.

"பதினொண்ணுங்க."

"எத்தன நாளா?"

"சிலது அஞ்சு வருசம்."

நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "ஷெட்டுக்குள்ளயே வெச்சிருந்தியா புள்ள?" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்க் கை கழுவினார். என் நோட்டைத் தொட்ட கையை. பிறகு திரும்பி வந்து, "நீ எழுதுனதுன்னுதான் நான் கையெழுத்துப் போடலாம்னு இருந்தேன். எனக்கு அந்தப் பங்கு கிங்கெல்லாம் என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். என் வாழ்க்கையில் எந்தப் பள்ளிக் கரஸ்பாண்டென்டும் எந்த இன்ஸ்பெக்ஷன் ஆபீசரும் என்னை அப்படிக் கூசவைத்தது கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை சந்தை திறந்ததும் பதினொன்றில் ஒன்பதை விற்றுவிட்டேன். இரண்டை விற்க முடியவில்லை, அந்தக் கம்பெனிகளுக்கு இப்போது வாங்க ஆளே இல்லை. புது நோட்டு ஒன்று எடுத்து முதல் பக்கத்தில் அந்தப் பதினொன்றையும்தான் முதலில் எழுதினேன், பேனாவால். நஷ்டம் ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அதன் கீழே லாபம், தரகுக் கட்டணமும் வரியும் போக, ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம். கழித்துப் பார்த்தால் ஆறு வருடத்தில் மூன்று லட்சத்து இருபத்தெட்டாயிரம் என் கையை விட்டுப் போயிருக்கிறது. நான் முதலில் குறித்த விலையில் அன்றன்றைக்கு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். நஷ்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்காது, எல்லாம் போக லாபத்தில் நின்றிருப்பேன். நான் வாங்கியதில் பெரிய தவறு இல்லை, கண்ணு. எவனும் பதினொன்று தப்பாக வாங்குவான். அழித்ததுதான் என்னைச் சாப்பிட்டது.

அதன் பிறகு உன் மாமனாருக்கு ஃபோன் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு நீ கோபப்படு, பரவாயில்லை. நீயும் நோட்டை என்னைக் கேட்காமல்தான் எடுத்தாய். பின்னால் கம்பிரசர் ஓடுகிற சத்தம், எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சம்பந்திங்க, அன்னைக்கு நீங்க பாத்த நோட்டுல பாதிதானுங்க பாத்தீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தை விட்டு நகர்ந்து வந்தார் போலிருக்கிறது.

"நீங்களேதானுங்களா டீச்சர்?" என்றார்.

"நானேதானுங்க."

"எங்க தொழில்லயும் அதேதானுங்க. தண்ணி பீச்சி அடிச்ச போரத்தான் போட்டோ புடிச்சுப் போடுவோம். ஆயரம் அடி போயிப் பொகையாப் போனத ஆரு புடிக்கறா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "என்ர பணத்தப் பத்தி நானே மாப்பளகிட்டப் பேசிக்கறனுங்க. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்று வைத்துவிட்டார். இனி அவர் என் கையெழுத்தை முத்து என்று சொல்ல மாட்டார். அது எனக்கு வேண்டியதுதான்.

இந்தக் கடிதத்தில் உன் பெயர், என் பெயர் இரண்டையும் போடாததற்குக் காரணம், இதன் நகல் ஒன்று எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஆண்டு மலருக்குப் போகிறது. போன வருடக் கூட்டத்தில் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி அரைமணி நேரம் பேசினேன். என்னைப் பார்த்துப் பணம் போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும். பள்ளிபாளையத்துப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் போய்த்தான் நிற்க வேண்டும்.

இனி உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை உன் ஃபோனில் லாபத்தைக் காட்டும் பச்சை எண்களை மாமாவுக்குக் காட்டினாய். மூன்று தடவை காட்டினாய். மூன்று தடவையும் உன் இடது கட்டை விரல் திரையின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் இருந்தது. அவர் ஃபோனைக் கையில் வாங்கப் போனபோது, "இருங்க மாமா, நான் காட்டறேன்" என்றாய். முப்பத்தொரு வருடம் பரீட்சை ஹாலில் நடந்தவள் நான். எந்தக் கை எதை மறைக்கிறது என்று முதுகைப் பார்த்தே சொல்வேன். விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு, எத்தனை மாதமாக, யாரிடம் கடன் வாங்கி என்று எதுவும் தெரியாது. ஆனால் நாற்பது லட்சம் எதற்கு என்பது அன்றைக்கே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. உன் ஸ்டேட்டஸில் நீ போடுகிற லாபப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. படத்தைப் பார்த்து இல்லை. அதை வெட்டி எடுக்கத் தெரிந்த கை யாருடையது என்று தெரிந்து.

பத்திரத்தில் நீ போட்டிருந்த இரண்டு பெருக்கல் குறிகளையும் அழித்துவிட்டேன். ரப்பரை நான் எடுப்பது அதுவே கடைசி. கையெழுத்து இல்லாத பத்திரத்தையும் இந்தக் கடிதத்தோடு உறையில் வைத்து இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன், வாங்கிய இடத்தில் கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிடு. நிலத்தை வைத்து டிரேடிங் என்று இந்த வீட்டில் இனிப் பேச்சு கிடையாது. அதைத் தவிர வேறு எதற்கு வேண்டுமானாலும் நீ எங்களிடம் வரலாம். கடன் இருந்தால் அதை எப்படி அடைப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். எனக்குக் கணக்குத் தெரியும், அப்பாவுக்குப் பொறுமை தெரியும். மூன்றாவது ஷெட் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை தனியாக வா. என் பழைய நோட்டு மேசையில் கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி இருக்கும். உன் ஃபோனை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு விரலை எடுத்துவிடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அப்பா 'எத்தன?' என்று மட்டும் கேட்பார். எண்ணைச் சொல், சாமி. அதன் பிறகு சாப்பிடலாம்.

உன் அம்மா